‘ட்ரேட்’ என்று போட்டிருந்தால், எந்த ட்ரேட்?

கேள்வி: ஹட்டனில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தேன். அண்ணனும் நானும் சேர்ந்து நோர்வூட் பக்கம், எங்கள் தோட்டத்துக்குக் கிட்டவே ஒரு சில்லறைக் கடை போடப் போகிறோம். வீட்டில் மசாலாத் தூள் அரைத்துச் சொந்தப் பெயரில் பக்கெட் போடும் யோசனையும் இருக்கிறது. இப்போது கைக்கு வரும் கடுதாசி எல்லாவற்றிலும் ‘ட்ரேட்’ என்ற சொல் இருக்கிறது. பிரதேச சபையில் ‘ட்ரேட் லைசன்ஸா, ட்ரேட் டெக்ஸா’ என்று கேட்கிறார்கள். கம்பனி பில்லில் ‘ட்ரேட் டிஸ்கவுண்ட்’. வங்கிக் கடன் படிவத்தில் ‘ட்ரேட் டெப்டர்ஸ், ட்ரேட் கிரெடிட்டர்ஸ்’. அண்ணன் மோட்டார் மெக்கானிக் வேலை தெரிந்தவர். ஒரு பயிற்சிப் படிவத்தில் ‘ட்ரேட்’ என்ற இடத்தில் ‘சில்லறைக் கடை’ என்று எழுதிக் கொடுத்து, படிவம் திரும்பி வந்துவிட்டது. சித்தி மகன் ‘ட்ரேடிங்’ செய்தால் மாதம் இவ்வளவு வரும் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் அனுப்புகிறான். அகராதியைப் பார்த்தால் வியாபாரம் என்றுதான் இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா? கடைக்கு ‘ட்ரேட் சென்டர்’ என்று பெயர் வைக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரி,

எல்லாம் ஒன்றில்லை. நீங்கள் எழுதியிருப்பதிலேயே நான்கு வெவ்வேறு ‘ட்ரேட்’ இருக்கிறது. ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் பணமோ நாளோ வீணாகும். அண்ணனின் படிவத்துக்கு நடந்ததும் அதுதான்.

அகராதி ‘வியாபாரம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதால் வருகிற குழப்பம் இது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் தடம், போகிற வழி. வழக்கமாகப் போகிற வழி என்பது வழக்கமாகச் செய்கிற தொழிலாயிற்று. அதற்குப் பிறகுதான் வாங்கல் விற்றல் என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பொருள் எதுவும் சாகவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடுதாசியில் உயிரோடு இருக்கிறது. பள்ளிக்கூடப் புவியியலில் ‘ட்ரேட் விண்ட்ஸ்’ என்பதை வியாபாரக் காற்று என்று படித்திருப்பீர்கள். சில புத்தகங்களில் தடக்காற்று என்றிருக்கும். தடக்காற்றுத்தான் சரி. ஒரே தடத்தில் மாறாமல் வீசுவதால் வந்த பெயர், சரக்குக் கப்பலால் வந்ததில்லை. தென்கிழக்குத் தடக்காற்று பூமத்திய ரேகையைத் தாண்டித் திரும்பித்தான், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமெல்லாம் மே மாதத்துக்குப் பிறகு கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையாக வருகிறது.

ஆகவே ‘ட்ரேட்’ என்பதைத் தனியாக மொழிபெயர்க்காதீர்கள். பக்கத்தில் நிற்கிற சொல்லையும், அந்தக் கடுதாசியை எந்த அலுவலகம் தந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆளைப் பற்றிய கேள்வியாக இருந்தால் அது கைத்தொழில். பில்லிலும் கணக்கிலும் இருந்தால் விற்பனைக்குச் சரக்கு வாங்குவது விற்பது. நாடுகளுக்கு இடையில் என்றால் வர்த்தகம். பங்குச் சந்தையில் என்றால் ஒரே ஒரு கொடுக்கல் வாங்கல். இனி உங்கள் கடுதாசிகளுக்கு வருவோம்.

முதலில் பிரதேச சபை, ஏனென்றால் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். கடை எந்தச் சபையின் எல்லையில் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹட்டன் டவுனுக்குள் என்றால் ஹட்டன்–டிக்கோயா நகர சபை. நோர்வூட் பக்கம் என்றால் நோர்வூட் பிரதேச சபை. இரண்டுக்கும் சட்டம் வேறு. பிரதேச சபைக்குரியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் கடைக்காரரிடம் சபை வாங்கக்கூடியது மூன்று விதம். ஒன்று உரிமம். பேக்கரி, சாப்பாட்டுக் கடை, சலூன், இறைச்சிக் கடை மாதிரி, பொதுச் சுகாதாரத்தோடு சம்பந்தப்பட்டு, சபையின் உபவிதிகளில் பெயர் சொல்லப்பட்ட தொழில்களுக்கு இது வேண்டும். பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்த பிறகே கிடைக்கும். இரண்டாவது, 150ஆம் பிரிவின் வரி. உங்களிடம் ‘ட்ரேட் டெக்ஸ்’ என்று சொன்னது இதைத்தான். உரிமம் தேவையில்லாத, ஆனால் சபை தீர்மானம் போட்டுப் பட்டியலிட்ட வியாபாரங்களுக்கு இது. மூன்றாவது 152ஆம் பிரிவின் வரி, ‘பிஸ்னஸ் டெக்ஸ்’ என்பார்கள். முதல் இரண்டிலும் அகப்படாத தொழில்களுக்கு மட்டும் உரியது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. உரிமக் கட்டணத்தையும் 150ஆம் பிரிவு வரியையும் தீர்மானிப்பது கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதி. அதாவது அந்த இடம் வருட வாடகைக்கு எவ்வளவு பெறும் என்று சபை மதித்து வைத்திருக்கிற தொகை. உங்கள் விற்பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது தெரியாமல், வரி கூடிவிடும் என்று பயந்து விற்பனையைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அதனால் ஒரு சதமும் குறையாது. பிறகு வங்கியில் கடன் கேட்கும்போது அந்தக் குறைந்த தொகைதான் முன்னால் வந்து நிற்கும். முந்திய வருட வரும்படியைப் பார்ப்பது 152ஆம் பிரிவு வரிக்கு மட்டும். அடுத்தது, ஒரே தொழிலுக்கு 150உம் 152உம் சேர்த்து விதிக்க முடியாது. இரண்டும் கேட்டு பில் வந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் சில்லறைக் கடை ஒரு தொழில், மில் வைத்து மசாலா அரைப்பது இன்னொரு தொழில். அரைக்கும் மில் பெரும்பாலான சபைகளின் உபவிதிகளில் உரிமப் பட்டியலில் இருக்கும். ஆகவே விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ‘கடை’ என்று மட்டும் எழுதி எடுத்துவிட்டு, பின்பக்கம் மில் ஓடுகிறது என்று பிறகு தெரியவந்தால் அது உரிமமில்லாத தொழிலாகிவிடும். கட்டடம் தோட்டக் காணியில் இருந்தால் உறுதியோ வாடகை ஒப்பந்தமோ உங்கள் கையில் இருக்காது. தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல்தான் நம் பக்கத்து விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் மேசையில் கிடக்கின்றன. இன்னொன்று, உரிமம் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும். ஒக்டோபரில் திறக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வருடத்துக்கும் கட்டி, ஜனவரியில் அடுத்த வருடத்துக்கும் கட்ட வேண்டிவரும். கையில் காசு இறுக்கமாக இருந்தால் திறப்பு நாளைத் தீர்மானிக்கும்போது இதையும் பாருங்கள்.

அடுத்தது பெயர். ‘பிஸ்னஸ் நேம்’, ‘ட்ரேட் மார்க்’ இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பிறகு அழுகிறவர்கள் அதிகம். உங்கள் சொந்த முழுப்பெயர் அல்லாத வேறு பெயரில் கடை நடத்தினால் வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் செய்யலாம். தொழில் தொடங்கி 14 நாளுக்குள் விண்ணப்பிப்பது முறை. அண்ணனும் நீங்களும் சேர்ந்து நடத்துவதால் அது பங்குடைமை, இருவர் பெயரும் போக வேண்டும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, அடையாள அட்டை, இடத்துக்கான ஆவணம் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

அந்தச் சான்றிதழ் கிடைத்ததும் ‘பெயர் எங்களுடையது’ என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பெயரில் தொழில் நடத்துகிறவர் இன்னார் என்று அரசாங்கத்துக்குக் காட்டுகிற பதிவு அது. உங்கள் மசாலா பக்கெட்டின் பெயரை வேறொருவர் தன் பக்கெட்டில் அச்சடித்தால் அதைத் தடுக்கும் உரிமையை அது தராது. அந்த உரிமை வியாபாரக் குறியில்தான், அதாவது ‘ட்ரேட் மார்க்’கில்தான் இருக்கிறது. கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதைப் பதிவு செய்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருடம் செல்லும், பிறகு 10 வருடம் 10 வருடமாகப் புதுப்பிக்கலாம். பொருள் வகுப்பு வாரியாகப் பதிவு நடக்கும். மசாலாத் தூளும் தேயிலைத் தூளும் ஒரே வகுப்பில், 30இல் வருகின்றன. பச்சை மரக்கறி 31இல். 30இல் மட்டும் எடுத்துவிட்டு அதே பெயரில் மரக்கறியும் பொதி செய்தால் மரக்கறிக்குப் பதிவின் பாதுகாப்பு இல்லை. அலுவலகம் ஏற்றுக்கொண்ட குறியை வர்த்தமானியில் போடுவார்கள், 3 மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவு முடிவதற்கு முன் பக்கெட்டில் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்து போடவே கூடாது, அது ‘பதிவானது’ என்று பொய் சொல்வதாகும்.

‘மசாலா’, ‘ஸ்பைஸ்’, ‘மலையகம்’ போன்ற பொதுச் சொற்களை மட்டும் குறியாகக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். எல்லோருக்கும் தேவையான சொல்லை ஒருவருக்கு எழுதிக் கொடுக்கமாட்டார்கள். வறுக்கும் பக்குவமும் மல்லி, சீரகம், மிளகாயின் அளவும் வேறு விஷயம். அது வியாபார இரகசியம், ‘ட்ரேட் சீக்ரெட்’. அதற்குப் பதிவு இல்லை. வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் அதன் பாதுகாப்பு.

இப்போது பில். நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘ட்ரேட் டிஸ்கவுண்ட்’ நீங்கள் பாடத்தில் படித்த வியாபாரக் கழிவுதான். கடைக்காரருக்குக் கம்பனி விலைப்பட்டியலிலிருந்து கழித்துக் கொடுப்பது. அதை ஏட்டில் தனியாக எழுதுவதில்லை. வற், அதாவது பெறுமதி சேர் வரி, இல்லாத ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். பட்டியல் விலைப்படி சரக்கு 40,000 ரூபாய், வியாபாரக் கழிவு 8 சதவீதம், அதாவது 3,200. கொள்வனவாக எழுத வேண்டியது 36,800 மட்டும். 14 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் காசுக் கழிவு என்று அடியில் எழுதியிருந்தால், அந்த 2 சதவீதம் 36,800 மீதுதான். 736 ரூபாய். நீங்கள் கட்ட வேண்டியது 36,064. இந்த 736ஐப் பெற்ற கழிவு என்று தனியாக எழுதுங்கள், ஏனென்றால் இது சரக்கின் விலையால் வந்ததல்ல, நேரத்துக்குக் கட்டியதால் வந்தது.

8உம் 2உம் பத்து என்று கூட்டி 4,000ஐக் கழித்து 36,000 கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. 64 ரூபாய் குறைகிறது. சின்னத் தொகை, யாரும் பேசமாட்டார்கள். ஆனால் கம்பனியின் ஏட்டில் அந்த 64 உங்கள் பெயரில் நிலுவையாக நிற்கும், ஒவ்வொரு பில்லுக்கும் சேரும், வருட முடிவில் உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போகாது. அந்த நேரத்தில்தான் ‘கிரெடிட் நிறுத்தியிருக்கிறோம்’ என்று சேல்ஸ் ரெப் வந்து நிற்பார். வற் உள்ள பில்லாக இருந்தால், வரி கழிவு போன பிறகுள்ள 36,800க்குத்தான் போட்டிருக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதம். 40,000க்குப் போட்டிருந்தால் 576 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். நீங்கள் வற் பதிவு இல்லாத கடை என்றால் கட்டிய வற்றைத் திரும்ப எடுக்க முடியாது, அதையும் சரக்கின் அடக்கவிலையில் சேருங்கள்.

‘பத்துக்கு ஒன்று ஃப்ரீ’ என்பதும் வியாபாரக் கழிவுதான், வேறு வேஷத்தில் வருகிறது. ரெப் அதை 10 சதவீதம் என்பார். பதினொரு பொருளுக்குப் பத்தின் விலை கொடுக்கிறீர்கள் என்பதால் உண்மையில் 9.09 சதவீதம். வேறு கம்பனி நேராக 10 சதவீதம் கழித்துத் தந்தால் அதுவே லாபம். ஃப்ரீயாக வந்த பெட்டிகளின் காலாவதித் திகதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், மற்றப் பெட்டிகளைவிட முந்திய திகதியாக இருப்பதுண்டு.

‘ட்ரேட் மார்ஜின் 12 சதவீதம்’ என்று சொன்னால், எதன் மீது என்று கேளுங்கள். பக்கெட்டில் அச்சடித்த ஆகக்கூடிய சில்லறை விலை 100 என்றால், அதன் மீது 12 என்பது உங்களுக்கு 88க்கு வரும். 88 ரூபாய்க்கு வாங்கி, அதன் மீது 12 சதவீதம் வைத்து விற்றால் 98 ரூபாய் 56 சதம்தான் வரும். இரண்டும் 12 சதவீதம்தான், ஆனால் ஒன்றில்லை. வங்கிக்கு இலாபக் கணக்குக் காட்டும்போது இந்த வித்தியாசம் கணக்கையே தலைகீழாக்கிவிடும். அச்சடித்த விலைக்கு மேல் விற்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம், தோட்டத்துக்கு ஓட்டோவில் சரக்குக் கொண்டுவந்த கூலியைச் சொன்னாலும் ஏற்கமாட்டார்கள். அந்தக் கூலி உங்கள் மார்ஜினுக்குள்தான் அடங்க வேண்டும். கடை வருமா வராதா என்று பார்க்கும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

வங்கிப் படிவத்தில் ‘ட்ரேட் டெப்டர்ஸ்’ வியாபாரக் கடன்பட்டோர், ‘ட்ரேட் கிரெடிட்டர்ஸ்’ வியாபாரக் கடன்கொடுத்தோர். சில படிவங்களில் வியாபார வருமதி, சென்மதி என்றிருக்கும். இங்கே ‘ட்ரேட்’ என்பது ஒரு வேலி. விற்பனைச் சரக்கால் வந்த கடன் மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. கொப்பியில் எழுதிச் சாமான் கொடுத்து, சம்பள நாளில் வர இருக்கிற பணம் வியாபாரக் கடன்பட்டோர். பக்கத்து லயத்துக்காரருக்கு அவசரத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்த 5,000 அதில் சேராது. கம்பனியிடம் கடனுக்கு எடுத்த பிஸ்கட்டும் சவர்க்காரமும் வியாபாரக் கடன்கொடுத்தோர். ஃப்ரிட்ஜ் தவணை, ஓட்டோ லீசிங், மின்சார பில், நகை அடகு ஒன்றும் அதில் சேராது; அவற்றுக்குப் படிவத்தில் வேறு கட்டம் இருக்கும். கடை இன்னும் திறக்கவில்லை என்பதால் இரண்டு இடத்திலும் பூச்சியம் போடுவதுதான் நேர்மை. கடனுக்குச் சரக்கு எடுத்து வைத்துவிட்டீர்கள் என்றால் மட்டும் அந்தத் தொகையைக் காட்டுங்கள். பிற்திகதியிட்ட செக் கொடுத்திருந்தாலும் அது பணமாகும் வரை கடன் கடன்தான்.

கடை ஓடத் தொடங்கிய பிறகு மூன்று சம்பளம் தாண்டியும் வராத கொப்பிக் கடனைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் காட்டினால் வங்கி உத்தியோகத்தர் முழுவதையும் சந்தேகப்படுவார்.

அண்ணனின் படிவத்தில் இருக்கும் ‘ட்ரேட்’ பழைய பொருள், கைத்தொழில். ‘ட்ரேட் டெஸ்ட்’ என்பது தொழில்திறன் தேர்வு. அந்தக் கட்டத்தில் ‘மோட்டார் மெக்கானிக்’ என்று அவர் எழுதியிருக்க வேண்டும். வெல்டர், எலக்ட்ரீஷியன், மேசன், தச்சன் எல்லாம் ‘ட்ரேட்’. ‘ட்ரேட்ஸ்மன்’ என்றால் தொழிலாளி, ‘ட்ரேடர்’ என்றால் வியாபாரி என்பதையும் நினைவில் வையுங்கள், வெளிநாட்டு வேலை விண்ணப்பங்களில் இது இடறும். பாடநெறி படிக்காமல் கராஜில் வேலை பழகியவர் என்றால், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் போகலாம். முதலாளியின் சேவைக் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், திகதிகள் எல்லாம் சேர்த்துக் கோவையாக்கிக் கொண்டுபோகட்டும். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்தும் காட்ட வேண்டும். திருப்பி அனுப்பினார்கள் என்று மனம் விட வேண்டாம், புதிதாக நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்குச் சேரும் மூலதனத்தில் அவருடைய அந்தச் சான்றிதழும் ஒன்று.

‘ட்ரேட் யூனியன்’ இதே பொருளில்தான் வருகிறது. ஒரே தொழில் செய்கிறவர்களின் சங்கம், தொழிற்சங்கம். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்குரியது, 7 பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். டவுனில் கடைக்காரர்கள் வைத்திருக்கும் வர்த்தகர் சங்கம் இன்னொன்று. நாளைக்கு அதில் சேரச் சொல்லிக் கேட்பார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் மக்களின் வயிற்றோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு ‘ட்ரேட்’டும் இந்த வகையில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளம் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வரும். 2021இல் நாளுக்கு 1,000 ரூபாய் ஆனதும் அப்படித்தான். அதன் ஆங்கிலப் பிரதியில் ‘தேயிலை வளர்த்தல், தயாரித்தல் ட்ரேட்’ என்றே எழுதியிருக்கும். தேயிலை ஏற்றுமதி ‘ட்ரேட்’டுக்கு வேறு சம்பளச் சபை. கொழுந்து பறித்துத் தூளாக்குகிறவரும் அந்தத் தூளைக் கொழும்பில் பெட்டியில் அடைக்கிறவரும் இரண்டு தனித் தொழில், இரண்டு தனிச் சம்பளப் பட்டியல். இங்கே வியாபாரம் என்று மொழிபெயர்த்தால் வர்த்தமானியே புரியாமல் போய்விடும். இன்னொரு பக்கம், தேயிலைத் தரகர்களின் ஆங்கில வாராந்த அறிக்கையில் ‘த ட்ரேட்’ என்று தனியாக வந்தால் அது ஆட்களைக் குறிக்கும். 1883 ஜூலை 30இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் வாங்குகிற, விற்கிற கூட்டம் முழுவதற்கும் அதுதான் பெயர்.

‘ஃபெயர் ட்ரேட்’ நியாய வணிகம், ‘ட்ரேட் ஃபெயர்’ வர்த்தகக் கண்காட்சி. ‘ஃப்ரீ ட்ரேட் ஸோன்’ 1978இல் கட்டுநாயக்கவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம் போன்றது, அங்கே ‘ஃப்ரீ’ என்றால் தீர்வைச் சலுகை. பழைய ஃபோனைக் கொடுத்து மேலதிகப் பணம் கட்டிப் புதிது எடுப்பது ‘ட்ரேட் இன்’. ‘ட்ரேட் ஓஃப்’ என்பதில் வியாபாரமே இல்லை, ஒன்று வேண்டுமானால் இன்னொன்றை விடுவது.

சித்தி மகனின் ‘ட்ரேடிங்’தான் எனக்கு உண்மையான கவலை. நீங்கள் பாடத்தில் எழுதிய வியாபாரக் கணக்குக்கும் ஆங்கிலத்தில் ‘ட்ரேடிங் அக்கவுண்ட்’ என்றுதான் பெயர். விற்பனையிலிருந்து விற்பனைக் கிரயத்தைக் கழித்தால் மொத்த இலாபம். அவன் திறக்கச் சொல்கிற ‘ட்ரேடிங் அக்கவுண்ட்’ பெயரில் மட்டும் அதோடு ஒன்று.

பங்குச் சந்தையில் முறையாக ஈடுபட வழி இருக்கிறது. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற பங்குத் தரகர் ஊடாக சீ.டி.எஸ். என்ற மத்திய வைப்பக முறைமைக் கணக்குத் திறக்க வேண்டும். பங்குகள் உங்கள் பெயரில் அந்தக் கணக்கில் பதிவாகும். அங்கே ஒவ்வொரு வாங்கலும் விற்றலும் ஒரு ‘ட்ரேட்’. அந்த நாளை ‘டீ’ என்பார்கள், ‘டீ பிளஸ் 2’ என்றால் அதிலிருந்து இரண்டாவது வேலைநாளில் கணக்குத் தீரும். பங்கு விலை ஏறும், இறங்கும். மாதம் இவ்வளவு என்று ஒரு தரகரும் எழுதிக் கொடுக்க முடியாது.

அவன் அனுப்பியதை எடுத்து வைத்து நான்கு விஷயம் பாருங்கள். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு தரகு நிறுவனத்தின் பெயரிலா, ஒரு தனி ஆளின் பெயரிலா? இலாபத்துக்கு உத்தரவாதம் சொல்கிறார்களா? ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா? இலாபத்தை எடுக்கப் போனால் முதலில் ‘வரி’யோ ‘கட்டணமோ’ கட்டச் சொல்கிறார்களா? ஆள் சேர்த்துத்தான் பணம் வருகிறது என்றால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவு அதைத் தடை செய்கிறது. நடத்துகிறவர் மட்டுமில்லை, ஆள் சேர்க்கிறவரும் குற்றவாளி. சித்தி மகனே நாளைக்கு வழக்கில் நிற்க வேண்டிவரும் என்பதை அவனுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். முதல் மாதம் கொஞ்சம் பணம் வந்தது என்று அவன் காட்டக்கூடும். பின்னால் சேர்ந்தவர்களின் காசு அது. கடைக்குச் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு சதமும் அங்கே போக வேண்டாம், நகையை அடகு வைத்து ஒருபோதும் வேண்டாம்.

கடைசியாகக் கடையின் பெயர். ‘ட்ரேட் சென்டர்’ என்று வைப்பதில் சட்டத் தடை ஒன்றுமில்லை, ஆனால் அந்த இரண்டு சொல்லும் ஊர் முழுக்க எல்லோருடைய பலகையிலும் இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் போடுகிற சொல்தான் உங்களைப் பிரித்துக் காட்டப் போகிறது. மசாலா பக்கெட்டுக்கும் அதே சொல் பொருந்துமா என்று இப்போதே யோசியுங்கள். பொருந்தினால் அந்த ஒரு சொல்லைப் பெயர்ப் பதிவிலும் குறி விண்ணப்பத்திலும் ஒரே எழுத்துக் கூட்டலில் எழுதுங்கள். ஒரு இடத்தில் நெடில், இன்னொரு இடத்தில் குறில் என்று போனால் பிறகு சத்தியக் கடதாசி முடித்துத் திருத்த வேண்டிவரும். பிரதேச செயலகத்தில் அதே பெயர் ஏற்கனவே பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு விண்ணப்பத்தைக் கொடுங்கள். பெயர்ப் பலகைக்கும் பக்கெட் அச்சுக்கும் முற்பணம் கொடுப்பது சான்றிதழ் கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.